தேவானையின் முழம்

'அந்திப் பட்டணம்' நல்ல கதை என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வாரப் பத்திரிகையிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்து, பின்பக்கத்துத் தைல விளம்பரத்தோடு சேர்த்துத் தைத்து, காலிகோ அட்டை போட்டுப் பரணில் வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் யாராவது அதைப் பற்றிப் பேச்சை எடுத்தால் நான் எழுந்து பந்திப் பக்கம் போய்விடுவேன். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மோசமான கதை என்று சொல்ல மாட்டேன். மோசமாக எழுதியிருந்தால் இவ்வளவு கேடு வந்திருக்காது. எழுதிய ரகுபதி எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, ராஜா அண்ணாமலைபுரத்திலேயே இருந்தார். பகலில் சர்க்கார் ஆபீஸ், சாயங்காலம் எழுத்து. விளக்கு வைக்கிற நேரமானதும் மெட்ராஸுக்குள்ளே இன்னொரு மெட்ராஸ் விழித்துக்கொள்ளும், அதுதான் கதை. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் படியில் ஒரு பூதம் துணி துவைக்கும். மந்தைவெளியிலிருந்து ஒரு பஸ் செத்தவர்களை ஏற்றிக்கொண்டு அடையாறுக்குப் போகும். அதுவரை காட்டிலும் பாழடைந்த பங்களாவிலும் கிடந்த பேய்களை, நாம் கத்தரிக்காய் வாங்குகிற தெருவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார் மனுஷர். எழுபத்துமூன்றில் அந்தப் பத்திரிகை வருகிற வியாழக்கிழமை என்றால் எங்கள் பேட்டையில் அடுப்பு தாமதமாகத்தான் எரியும்.

நான் தங்கபுஷ்பம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என் வீட்டுக்காரர் நல்லசிவம் தி.நகரில் ஒரு பட்டுக்கடையில் சேலை பிரித்துக் காட்டுகிறவர். எங்கள் தெருமுனையில் கால்வாய்ப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில் கோதண்டபாணியின் பெட்டிக்கடை. பெட்டிக்கடையை ஒட்டி, கவிழ்த்த சோடாப் பெட்டியின் மேல் உட்கார்ந்து பூ விற்றவள்தான் தேவானை.

நல்ல உயரம். உயரத்துக்குத் தகுந்த கை. இடது முன்கையில் பச்சை குத்திய தேள் ஒன்று, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு இருக்கும். வீடு கால்வாய்க் கரைக் குடிசைகளில் ஒன்று. புருஷன் நாகராஜ் கைவண்டி இழுத்தவன், மஞ்சள் காமாலையில் போய்விட்டான். காலையில் வாடிக்கை வீடுகளுக்குப் பூஜைப் பூ, சாயங்காலம் மரத்தடியில் மல்லியும் கதம்பமும். பிழைப்பு என்று அவளுக்கு இருந்தது அவ்வளவுதான். பூவை முழம் போட்டு விற்கிற ஊரில் கை நீளமான பூக்காரி கிடைப்பது பெரிய விஷயம். தேவானையின் முழம் மற்றவர்களுடைய முழத்தைவிட நன்றாகவே நீளம். அதற்கும் மேல் ஒரு சாண் விட்டுத்தான் நாரை அறுப்பாள். மந்தைவெளி மார்க்கெட்டைத் தாண்டி வந்து இவளிடம் வாங்கியவர்கள் உண்டு.

கார்ப்பரேஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். கதைப் பைத்தியம். வியாழக்கிழமை பெட்டிக்கடையில் பத்திரிகைக் கட்டைப் பிரித்ததும் முதல் புத்தகம் அவளுக்கு ஓசியில் வரும். "ஈரக் கையோட தொட்டியோ, துட்ட வெச்சுட்டு எத்துக்கினு போய்டு" என்பான் கோதண்டபாணி. அதனால் புத்தகத்தை மடியில் விரித்து, ஓரத்தைக் கூடையால் அமுக்கிக்கொண்டு, முழங்கையால் பக்கத்தைத் திருப்புவாள். கண் படிக்கும். கை பாட்டுக்குப் பூவைக் கட்டிக்கொண்டே இருக்கும்.

படித்து முடித்தால் சும்மா இருக்க மாட்டாள். பூ வாங்கப் போகிற என்னிடம் கொட்டித் தீர்த்துவிடுவாள். ரகுபதியை 'ஐரு' என்றுதான் சொல்வாள்.

"யக்கா, செத்தவன ஏத்திக்கினு போற பஸ்ஸுல கண்டக்டரு டிக்கெட்டு கேக்குறானாம். செத்தவன்கிட்ட சில்லறை எங்கந்து வரும்? இந்த ஐரு எயுதச் சொல்ல இத்தெல்லாம் ரோசனை பண்ண மாட்டாரா?"

"பேய்க் கதையில கணக்குப் பாப்பியா தேவானை?"

"பேயினாலும் ஒரு நாயம் வோணாமா? ஆனா அந்தக் கொளத்துப் பூதம் ஷோக்கா கீது. அது துணி தொவைக்கச் சொல்ல எனுக்கு அயுகையே வந்துட்ச்சி."

தி.நகர்ப் பட்டுக்கடைப் பூதம் வந்த வாரம் அவளுக்குச் சிரிப்பு தாளவில்லை. கடைக்காரப் பூதம் சேலையை மடிக்கும்போது வாங்குகிறவளுடைய நிழலையும் சேர்த்து மடித்து அலமாரியில் வைத்துவிடும். வெளியே வருகிறவள் வெயிலில் நிழல் இல்லாமல் நடப்பாள். "ஒன் வூட்டுக்காரரு கடையா பாத்துக்கோ" என்று என்னைக் கேலி செய்தாள். எந்தக் கடை என்று ரகுபதி எழுதவில்லை. ஆனால் அந்த வாரம் தி.நகர் ஜவுளிக்கடை எல்லாவற்றிலும் கூட்டம் கூடிப்போனதாம். பொம்பளைகள் சேலை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, நிழல் இருக்கிறதா என்று தரையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை நான் போனபோது தேவானையின் கை ஓய்ந்து கிடந்தது. மடியில் புத்தகம். பூ குவிந்தபடி இருக்கிறது, நார் ஒரு பக்கம் தொங்குகிறது. படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

தூங்குமூஞ்சி மரம். பாலம். பெட்டிக்கடை, அதில் தொங்குகிற வாழைத்தார்கூட. கவிழ்த்த சோடாப் பெட்டியில் ஒரு நெட்டைப் பூக்காரி. நீட்டிய கையில் தேள்.

நான் வாங்கிப் படித்தேன். மரம் இலையை மூடுகிற நேரத்தில் அவள் பூ விற்பாளாம். "அவள் முழம் போட்டாள். கை நீண்டது. பூவும் நீண்டது. பூ எவ்வளவு கூடியதோ, வாங்கியவளுடைய கணவனின் ஆயுள் அவ்வளவு குறைந்தது" என்று இருந்தது. கேட்காமலே கூடக் கொடுக்கும் அந்த ஒரு சாண்தான் ஆபத்தாம். அதற்குக் கீழே இன்னொரு வரி: "அவள் முதன்முதலில் அளந்து தீர்த்தது தன் சொந்தப் புருஷனைத்தான்."

"கூடப் போட்டதுக்கா யக்கா இது?" என்றாள் தேவானை. "கொறச்சிப் போட்டேன்னு எயுதியிருந்தாகூட மனசு ஆறும்."

தொங்கிய நாரைச் சுற்றி வைத்துக்கொண்டே அவளே சொன்னாள். நாகராஜ் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பூ கொடுக்கிறதாக ஒப்புக்கொண்டிருந்தாள். மருந்துக்குக் காசு வேண்டுமே. அவள் இங்கே உட்கார்ந்து முழம் போட்டுக்கொண்டிருந்தபோது அங்கே அவன் உயிர் போனது. இத்தனை வருஷத்தில் இதை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறாள். ரகுபதியின் மனைவி சீதா மாமியிடம். காலையில் பூஜைப் பூ கொடுக்கப் போன இடத்தில், ஒருநாள் மாமி பரிவாகக் கேட்டதும், வாசலில் நின்று அழுதுகொண்டே சொன்னது.

எனக்கு நெஞ்சு கொதித்தது. ஒருத்தி அழுததை எடுத்து இன்னொருத்தன் கதைக்கு வைத்துக் கட்டுவதா? "நாளைக்கே போயி நாக்கப் பிடுங்கிக்கிடுத மாதிரி நாலு கேளு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள். மாமி வீட்டில் பங்காளித் தீட்டாம், கொஞ்ச நாளைக்குப் பூ வேண்டாம் என்று போன வாரமே சொல்லியிருந்தார்களாம். துக்க வீட்டில் போய் சண்டை போடக் கூடாது, தீட்டு கழியட்டும் என்றாள். அவளுடைய நியாயம் அப்படி.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கூடை காலியாகிற நாள். அன்றைக்குப் பாதிக் கூடை அப்படியே நின்றது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை முக்கால் கூடை.

வந்தவர்கள் சொன்னதை எல்லாம் நான் கேட்டேன். "நான் ஒண்ணும் நம்பலை, ஆனா எதுக்கு வம்பு?" எல்லாரும் இதையே சொன்னார்கள். நம்பவில்லை என்றால் வாங்க வேண்டியதுதானே? நம்புகிறேன் என்று சொல்லவும் வெட்கம், வாங்கவும் பயம். சிலர் பாலத்துக்கு இந்தப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிளில் ஒருவன் பூ கொண்டுவர ஆரம்பித்தான். கட்டைக் கையன். அவன் முழம் ஒரு கொண்டைக்குப் போதாது. முழத்துக்கு நாலு பூ குறைந்தால் சண்டைக்கு நிற்கிற அதே பொம்பளைகள், "குறைச்சலா இருக்கறதே நல்லதுதான்" என்று பல்லை இளித்துக்கொண்டு வாங்கினார்கள். ஒருத்தி கோதண்டபாணியிடம் போய், "அவ புருஷன் மெய்யாவே எப்படிச் செத்தான்?" என்று விசாரித்தாளாம். அவன் நல்லவன். "உன் புருஷன் எப்ப சாவான்னு கேளு, சொல்றேன்" என்று விரட்டிவிட்டிருக்கிறான்.

எனக்குத் தாங்காத ஆத்திரம் இதுதான். பட்டுக்கடையில் பூதம் என்று எழுதினால் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறார்கள். விளக்குப் போட்ட கடை, முதலாளி கும்பிடுகிறார், குடிக்கக் கலர் கொடுக்கிறார்கள். அங்கே கதை கதையாகவே இருக்கிறது. கூடை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தவள் என்றால் மட்டும் அது நிஜமாகிவிடுகிறது. அவளுக்குப் புருஷன் இல்லை, குடிசை, கையில் தேள். இவர்களுக்கு அந்தச் சாட்சியே போதும்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பொருமினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "ஏளா, நீ நல்லா நீளமாவே வாங்கு. எத்தன மொழத்துல நான் போறேன்னு பாத்துருவோம்" என்றார். அவர் இருந்த வரை அந்த மரத்தடியில்தான் வாங்கினேன். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் நான் ஒருத்தி வாங்கி எத்தனை பூ விற்கும்? விற்காத மல்லி விடிந்தால் பழுத்துப்போய்விடும். அள்ளிக் கால்வாயில் போடுவாள். மொத்தக்காரனிடம் வாங்குகிற கூடையைப் பாதியாக்கினாள், பிறகு அதிலும் பாதி. சாயங்காலம் பெட்டியில் வெறுமனே உட்கார்ந்திருப்பாள். கதையை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் படித்தாள். ஒவ்வொரு வாரமும் பூக்காரி யார் வீட்டுத் தாலியையோ அறுத்தாள்.

"இந்த வாட்டி ஒரு வாத்தியாரு பூட்டாரு யக்கா" என்பாள். "பாவம், நல்ல மன்சன். நான்தான் கொன்னுட்டேன்." சிரிக்கப் பார்ப்பாள். முகம் கோணிக்கொண்டு போகும்.

தீட்டு கழிந்திருக்க வேண்டிய நாளெல்லாம் தாண்டிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் வந்து நின்றாள். தலை வாரி, துவைத்த சேலை கட்டியிருந்தாள். "ஐரு வூட்டுக்குப் போறேன். நீயும் கூட வரியா யக்கா?" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ரகுபதி கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. என்னை உள்ளே வரச் சொன்னார். தேவானை வாசற்படியிலேயே நின்றாள்.

"நீயும் படிக்கறயா? பேஷ், பேஷ்! பூக்காரிவரைக்கும் போயிருக்கு பாருங்கோ!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லா வாரமும் பட்ச்சேன் சாமி" என்றாள் தேவானை. "நல்லாத்தான் எயுதறே. என்னை எதுக்கு எயுதினே?"

"உன்னையா? இது கற்பனைம்மா. பூக்காரின்னா ஊர்ல ஒருத்தியா இருக்கா?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். "இந்தத் தேளுமா கற்பனை?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். படம் தத்ரூபமாக வரவேண்டும் என்று ஓவியரைக் கூட்டிவந்து மரத்தடியைக் காட்டியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். "அதுல என்ன தப்பு? உன்னை ஆயிரக்கணக்கான பேர் பார்த்திருக்கா. பத்திரிகை ஆபீஸுக்கு வர கடுதாசில பாதி உன்னைப் பத்தித்தான், தெரியுமா? கதைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கள் இருந்தா அதுக்கு நான் என்ன பண்றது? படிச்சவா யாரும் நம்ப மாட்டா."

அப்போதுதான் சீதா மாமி எனக்குக் காபி எடுத்துக்கொண்டு வந்தார். தேவானையைப் பார்த்ததும் நடை தயங்கியது. திரும்பி உள்ளே போகப் பார்த்தார். அந்தத் திரும்பலில் தலைப் பூ தெரிந்துவிட்டது. துளியூண்டு மல்லிச்சரம், கட்டைக் கையனுடைய முழம்.

தேவானை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தீட்டுன்னியே மாமி?"

மாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு, தலைப்பை இழுத்துப் பூவை மூடிக்கொண்டார்.

"கதையில நான் வந்தது அந்த வியாயக்கெயமை. நீ பூ வோணாம்னு சொன்னது அதுக்கு முந்தின வாரம். ஊருல யாருமே படிக்கறதுக்கு முன்னாடியே நீ நிறுத்திட்டே. ஐரு எயுதினத மொதல்ல நீதான் பட்ச்சே, இல்ல?"

"சீதா, என்ன இது?" என்றார் ரகுபதி. சிரிக்கத்தான் முயன்றார். "நான் ராத்திரி எழுதினதைக் காலம்பற நகல் எடுத்துக் குடுக்கறவளே நீதானே. அது பொய்யின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் மாமி. கண்ணில் நீர் முட்டிவிட்டது. "எழுதிண்டு வரச்சே ரெண்டு தடவை பேனாவைக் கீழ வெச்சுட்டேன். பொய்தான்னு தெரியும். ஆனா ஒருவேளைன்னு தோணிடுத்தே, நான் என்ன பண்ணுவேன்? உங்களுக்கு ஒண்ணு ஆயிடுத்துன்னா?"

"எங்க கதைய அவர்கிட்ட சொன்னதும் நீதானா மாமி?" என்றாள் தேவானை.

மாமி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு அறை விட்டிருந்தால்கூட ரகுபதியின் முகம் அப்படி ஆகியிருக்காது. எனக்கு அதைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது, பொய் சொல்வானேன். வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை நானும் கேட்டுவிட்டேன். அடுத்தவள் துக்கத்தை எடுத்து விற்கிறதற்கு எழுத்து என்று பெயரா என்றேன். படிச்சவா நம்ப மாட்டா என்றீரே, உம்ம வீட்டிலேயே ஆரம்பிச்சிருக்கே என்றேன்.

தேவானை கத்தவில்லை. "உன் பொண்டாட்டியே பயந்துட்டா. அப்பால ஊர இன்னான்னு நான் கேக்கறது?" என்றாள். "எயுதினது நீ. நீயே மாத்தி எயுது சாமி. நான் பொயைக்கணும்."

"மாத்தறேன்" என்றார் அவர். "எல்லாத்தையும் சரி பண்ணிடறேன். நீ நிம்மதியாப் போ."

நம்பிக்கொண்டு திரும்பினோம். பூக்காரி நல்லவள் என்று எழுதுவார், கூடக் கொடுத்த சாணில் ஒன்றுமில்லை என்று எழுதுவார், அப்படித்தான் இரண்டு பேரும் நினைத்தோம். அந்த மடச்சிகளில் ஒருத்தி நானும்தான்.

கடைசி வாரத்துக்கு முந்தின வாரம் அது வந்தது. கதாநாயகி தெப்பக்குளத்துத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வருகிறாள். மரத்தடியில் பூக்காரி முழம் போடக் கையை நீட்டுகிறாள். நீட்டிய கையை அரிவாளால் முழங்கையோடு வெட்டுகிறாள் கதாநாயகி. தேள் தரையில் விழுந்து துடிக்கிறது. தண்ணீரைத் தெளித்ததும் பூக்காரி சாம்பலாகிறாள். நகரத்துச் சுமங்கலிகள் நிம்மதியாகப் பூ வைத்துக்கொள்கிறார்கள். இதற்கும் முழுப் பக்கத்தில் படம் போட்டிருந்தார்கள்.

இதுதான் அவர் சரி பண்ணினது. கோதண்டபாணிக்கு ஆள்விட்டு வேறு சொல்லி அனுப்பியிருந்தார், இனிமேல் யாரும் பயப்பட மாட்டார்கள் என்று.

அவர் சொன்னது பலித்ததுதான் கொடுமை. அடுத்த வெள்ளிக்கிழமையே எல்லாரும் வந்துவிட்டார்கள். சுற்றிக்கொண்டு போனவர்கள், சாவு விசாரித்தவள், எல்லாரும். "அப்பாடா, நல்லபடியா முடிஞ்சுது" என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறவளிடம், நீ செத்துவிட்டாய், இனிப் பயமில்லை, இரண்டு முழம் கொடு என்கிறார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கூடையை எடுத்து ஒவ்வொருத்தி தலையிலும் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது.

தேவானை முதலில் வந்தவளைப் பார்த்து, "கைய நீட்டு" என்றாள்.

"எதுக்கு?"

"நீட்டுமா."

நீட்டிய கையில் சரத்தை வைத்து, அவளுடைய முழங்கையிலிருந்து அவளுடைய விரல் நுனிவரை அளந்து, அங்கேயே அறுத்துவிட்டாள். மேலே சாண் கிடையாது. அன்றைக்கு வந்த எல்லாருக்கும் அப்படித்தான். குட்டைக் கைக்காரிகள் முகம் சுண்டிப் போனார்கள். "அந்த ஒரு சாணு எங்கே?" என்று ஒருத்தி கேட்டாள். "அது கதையில வந்தவ குடுத்தது. போயி அவளக் கேளு" என்றாள்.

எனக்கும் என் கையில்தான் அளந்தாள். "எனக்குமா தேவானை?" என்றேன். "உனுக்கு மட்டும் என் கையில போட்டா, நாளைக்கு உன் வூட்டுக்காரருக்குத் தலைவலி வந்தாகூட இவுங்கோ பேசுவாங்கோ யக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பிறகு அவள் மரத்தடியில் பூ விற்ற அத்தனை வருஷமும் வாங்குகிறவர்களுடைய கைதான் அளவுகோல்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், மரம் இலையை மூடிக்கொண்டிருக்கிற நேரத்தில் சீதா மாமி வந்தார். தேவானை எதுவும் கேட்காமல் சரத்தை எடுத்து, "கைய நீட்டு மாமி" என்றாள். மாமி நீட்டினார். சின்னக் கை. ஒரு பிடி மல்லிகூட வராது. மாமி அந்தக் கையை மடக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "உன் கையாலயே அளந்து போடேன் தேவானை" என்றார்.

தேவானை மறுபடியும் மாமியின் கையைப் பிரித்து, அதன்மேல் சரத்தை வைத்தாள்.

"அந்தக் கையத்தான் உன் வூட்டுக்காரரு வெட்டிட்டாரே மாமி" என்று சொல்லி, நாரை அறுத்தாள்.